பேசியவர்கள் பட்டியல், ஒன்பதாம் வகுப்பு சி பிரிவு

ஜூன் 12, 2025, வியாழன்

பள்ளி திறந்து இரண்டாவது வாரம். நாற்பத்து நான்கு பேர், மூன்று மின்விசிறி, ஓடுவது ஒன்று. முப்பத்தொரு வருஷம் மாலைப் பத்திரிகையில் தாம்பரம் செய்தியாளராக இருந்தேன். தாம்பரம் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது பம்மலில் தமிழ் மிஸ். அப்பா பிடிவாதமாகப் படிக்கவைத்த பி.எட். ஐம்பத்து நாலு வயதில் வேலைக்கு வருகிறது.

நான்காவது பீரியடுக்கு இரண்டு நிமிடம் தாமதமாகப் போனேன். கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு. கீழே பதினோரு பெயர். சிலருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி, அதிகமாகப் பேசியதற்கு. கேஷவ் என்ற பையனுக்கு நான்கு குறி. எழுதியது வகுப்புத் தலைவி எழில். ஒல்லியான பெண். சாக்பீஸைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒன்பதாவது படித்தபோதும் இதே தலைப்பு, இதே குறி. நாற்பது வருஷமாக இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்கள் தவறாமல் கொண்டுவரும் ஒரே வெளியீடு இதுதான்.

“கேஷவ் என்ன பேசினான்?” என்று கேட்டேன்.

“பேசினான் மிஸ்.”

“அதான், என்ன?”

“அதெல்லாம் எழுத மாட்டோம் மிஸ். பேரு மட்டும்தான்.”

பேர் மட்டும். சொன்னது என்ன என்று இல்லாமல் சொன்னவன் பெயரை மட்டும் கொண்டுவரும் நிருபரை நான் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி வரச் சொன்னேன். யார், யாரிடம், என்ன சொன்னார். வாயிலிருந்து வந்தபடி. ஒரு வார்த்தை கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது.

“யார் பேசினாலுமா மிஸ்?”

“யார் பேசினாலும்.”

ஜூன் 13

அறிவியல் எடுக்கும் ஜோசலின் இன்று கேட்டார்: “பேப்பர்ல இருந்தவங்களுக்கு கிளாஸ் கன்ட்ரோல் வருமா மிஸ்?” அவருடைய கிளாஸ் கன்ட்ரோல், மரஸ்கேலால் மேஜையை அடிப்பது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுவர் தாண்டிக் கேட்கிறது.

ஜூன் 21, சனி

ஆசிரியர் பயிற்சிப் பட்டறை. வந்தவர் பெயர் மிருதுளா. காதில் மாட்டும் மைக். காலை பத்து மணிக்கு முப்பத்தெட்டு பெரியவர்களை வட்டமாக நிற்கவைத்துப் பந்து எறியச் சொன்னார். பந்தைப் பிடிப்பவர் தனக்குப் பிடித்த மாணவரின் பெயரைச் சொல்லவேண்டும். ஆறு பேர் தங்கள் சொந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னார்கள்.

பிறகு சார்ட் பேப்பரில் ஒரு மரம். ஆளுக்கு ஒரு பச்சை இலை. வகுப்பறை உறவுக்கு நீங்கள் கையாளும் உத்தியை இலையில் எழுதி ஒட்டவேண்டும். எண்ணினேன். இருபத்தொரு இலையில் ‘அன்பு’. ஜோசலின் இலையில் ‘அன்பு + கண்டிப்பு’. கணக்கு வாத்தியார் சுகுமார் வெற்று இலையை ஒட்டிவிட்டு உட்கார்ந்து நகம் கடித்தார். எழுதக்கூடச் சோம்பல்.

“ஒவ்வொரு குழந்தையோடயும் நீங்க கனெக்ட் ஆகணும்” என்றார் மிருதுளா. நாற்பது நிமிடம், நாற்பத்து நான்கு பேர், வருகைப் பதிவை விட்டாலும் தலைக்கு ஐம்பத்து நாலு விநாடி, எப்படி என்று கேட்டேன். “சூப்பர் கொஸ்டின் மேம். டீ பிரேக்ல பேசலாம்.” டீ பிரேக்கில் அவருக்கு கால் டாக்சி வந்துவிட்டது.

ஒன்றே ஒன்று உருப்படியாகச் சொன்னார். கேள்வி கேட்டால் குறைந்தது மூன்று விநாடி வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவேண்டும். பதிலை நாமே சொல்லக்கூடாது. முப்பத்தொரு வருஷம் பேட்டிகளில் நான் செய்தது அதைத்தான். அவருக்கு அது பவர்பாயின்டில் கிடைத்திருக்கிறது.

ஜூலை 3

எழிலின் நோட்டு வந்தது. பதினான்கு பக்கம். இரண்டாம் பக்கத்திலிருந்து:

கேஷவ், ரேஷ்மாவிடம்: “உங்க வூட்ல மீன் கொயம்பா? கிளாஸ் ஃபுல்லா வாசன வந்துகினு கீது.”

ரேஷ்மா: “மோந்துகினே துன்னு. உன் தயிர் சாதம் உள்ள எறங்கும்.”

எங்கள் பத்திரிகையில் எம்.ஏ. படித்துவிட்டு வந்தவர்கள் ஒரு பேச்சை இப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. வகுப்பில் உரக்கப் படித்தேன். ரேஷ்மா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். கேஷவ் எழுந்து நின்று கும்பிட்டான். “இதே மாதிரி, நேற்று நீங்கள் காதால் கேட்ட ஒரு பேச்சை எழுதுங்கள். ஷேர் ஆட்டோவில், ரேஷன் கடையில், எங்கே வேண்டுமானாலும்” என்றேன். ‘என் பொழுதுபோக்கு’ என்ற தலைப்பில் நான்கு வரி தாண்டாதவர்கள் ஒரு பக்கம் எழுதினார்கள். கேஷவ் பதினெட்டு வரி. பிழை இருபத்தாறு. இருக்கட்டும், பதினெட்டு வரி.

நோட்டின் நிபந்தனையும் தானாகவே உருவாகிவிட்டது: அது தமிழ் பீரியடைத் தாண்டாது. நான் சொல்லவில்லை. அவர்களே நம்பிக்கொண்டார்கள்.

மிருதுளாவின் மரத்தில் இதற்கு இலை கிடையாது.

ஜூலை 18

நாலரை மணிக்குப் பள்ளி விட்ட பிறகு சுகுமார் ஆறு பேரை லேப் அறையில் இருத்தி வைத்துக்கொள்கிறார். கேஷவ், ரேஷ்மா, இன்னும் நாலு பேர். டியூஷன். சொந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்காததை மாலையில் விற்பது. இந்த ஊரில் பாதி கணக்கு வாத்தியார்கள் இப்படித்தான் ஸ்கூட்டர் வாங்கினார்கள். கேட்டுப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆகஸ்ட் 5

யார் பேசினாலும் என்று சொல்லியிருந்தேன். எழில் ஆசிரியர்களையும் எழுத ஆரம்பித்திருக்கிறாள்.

ஜோசலின் மிஸ், போனில்: “குக்கர் மூணு விசில் வந்துச்சா? அப்போ ஆஃப் பண்ணிடு. அவங்கம்மாவக் கேக்காத. நான் சொல்றேன், ஆஃப் பண்ணு.”

பேருந்து நிறுத்தத்தில் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

அடுத்த பக்கத்தில் நானும் இருந்தேன். தமிழ் மிஸ்: “இதுகூடத் தெரியாதா? உங்களையெல்லாம் எட்டாவது வரைக்கும் யார் பாஸ் போட்டது?” அதற்குக் கீழே, தமிழ் மிஸ்: “த்சு.” அடைப்புக்குள், ஒரு பீரியடில் ஒன்பது முறை.

துல்லியம் இருக்கிறது. எது செய்தி, எது இல்லை என்ற தேர்வு இன்னும் வரவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று நோட்டில்:

சுகுமார் சார், கேஷவிடம்: “நீயெல்லாம் பத்தாவது போவ மாட்டடா. உன்ன மாதிரி ஆறு பேருக்கு ஏப்ரல்லயே டிசி. ஆபீஸ்ல பேரு எழுதி வெச்சாச்சு.”

கேஷவ்: “சரி சார்.”

அந்த ‘சரி சார்’ என்பதை மூன்று முறை படித்தேன்.

ஆக, இதுதான் அந்த நூறு சதவீதம். வாசலில் பேனர் கட்டி வைத்திருக்கிறார்களே, பன்னிரண்டு வருஷமாகப் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று. தோற்கக்கூடிய பிள்ளையை ஒன்பதாம் வகுப்பு முடிவிலேயே மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து வெளியே தள்ளிவிட்டால் யார் தோற்பார்கள்? ஊரெல்லாம் அரசல்புரசலாகத் தெரிந்த விஷயம்தான். யாரும் மேற்கோளாகப் பிடித்ததில்லை. பதினாலு வயதுப் பெண் பிடித்திருக்கிறாள்.

நாளை ஆசிரியர் கூட்டம்.

ஆகஸ்ட் 23, சனி

பள்ளியை நடத்தும் கரெஸ்பான்டென்ட் லோகநாதன் பேச ஆரம்பித்தபோது மணி பத்து ஐந்து. தோல் மண்டிக் குடும்பம். அப்பா தோலை ரகம் பிரித்தார். மகன் பிள்ளைகளைப் பிரிக்கிறார். “நம்ம ஸ்கூல் ஒரு குடும்பம்” என்றார். “நூறு சதவீதம் நம்ம குடும்ப கௌரவம்” என்றார். சமோசா வந்தது.

நான் எழுந்தேன். “நூறு எப்படி வருதுன்னு சொல்லுங்க சார்.”

“உங்க எல்லாரோட உழைப்புல வருது மேடம்.”

“ஏப்ரல்ல குடுக்கற டிசியில வருதுன்னு கேள்விப்பட்டேன்.”

“யார் சொன்னது? ஏதாவது ஆதாரம் இருக்கா? சும்மா பேப்பர்காரங்க மாதிரி பேசாதீங்க.”

ஆதாரம் என்ற சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். பையிலிருந்து நோட்டை எடுத்துப் படித்தேன். முழுதாக, ‘சரி சார்’ வரைக்கும். சமோசா மெல்லும் சத்தம் நின்றது. சுகுமார் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டை லோகநாதன் முன்னால் வைத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். குக்கர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். ஜோசலின் பக்கம் ஒரு பார்வை.

“நல்லா இருக்கு. யார் எழுதினது?”

“எங்க கிளாஸ் லீடர் எழில். ஒரு வார்த்தை கூட்ட மாட்டா.”

பெருமையாகச் சொன்னேன். அவர் நோட்டைத் தன் லெதர் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

முப்பத்தெட்டுப் பேர் வாயடைத்து உட்கார்ந்ததைப் பார்க்க நன்றாக இருந்தது. குரோம்பேட்டை வரை ஷேர் ஆட்டோவில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மோகன்ராஜிடம் சொன்னேன். மறைமலை நகர் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் ஷிப்டு பார்த்துவிட்டு இப்போது வீட்டில் பேப்பர் படிக்கிற கணவர். கடைசிவரை கேட்டார்.

“அந்தப் பொண்ணு பேரச் சொன்னியா?”

“கேட்டாரு. சொன்னேன்.”

“ஏரி ஆக்கிரமிப்பு நியூஸ் போட்டப்போ, தகவல் குடுத்த கிளார்க் பேரக் கேட்டு நாலு பேர் வீட்டு வாசல்ல வந்து நின்னானுங்க. சொல்லலியே நீ.”

“அவன் சோர்ஸ். இவ ஸ்டூடன்ட்.”

“ஓ” என்றார். பேப்பரைப் புரட்டினார். இந்த மனிதரின் ‘ஓ’ எனக்கு எப்போதும் பிடித்ததில்லை.

ஆகஸ்ட் 25

எழில் காலை ஒன்பது மணியிலிருந்து ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். லீடர் பேட்ஜ் இல்லை. சட்டையில் பின் குத்தியிருந்த இடத்தில் இரண்டு ஓட்டை.

நான்காவது பீரியட். பாடத்தில் ஒரு கேள்வி கேட்டேன். மூன்று விநாடி. பத்து விநாடி. ஒரு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்தே சொல்கிறேன். நாற்பத்து மூன்று பேரும் முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டி, புத்தகத்தைப் பார்த்தார்கள். ஜோசலின் ஆயுள் முழுக்க ஸ்கேலால் அடித்தும் கிடைக்காத அமைதி.

ரேஷ்மாவிடம் என்னம்மா என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல மிஸ்.” பின்னாலிருந்து கேஷவ், மெதுவாக: “பேசாதடி. மேல போய்ப் படிச்சுக் காட்டுவாங்க.”

ஆகஸ்ட் 26

எழிலின் அம்மா கங்கம்மா வந்திருந்தார். கோவளத்துக்காரர், கட்டிக்கொடுத்தது பம்மலில். விடியும் முன் வண்டியில் கோவளம் போய் மீன் எடுத்துவந்து மெயின் ரோட்டில் விற்கிறவர். ஆபீசில் முக்கால் மணி நேரம் நிற்கவைத்துவிட்டுப் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். லோகநாதன் எனக்கு நாற்காலி காட்டினார். கங்கம்மாவுக்குக் காட்டவில்லை. நான் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன்?

எழில் ‘ஆசிரியர்களைப் பற்றி அவதூறாக எழுதியதாக’ மன்னிப்புக் கடிதம் எழுதித் தரவேண்டும். இல்லையென்றால் டிசி. வியாழன் வரை நேரம். இப்போதே டிசி என்றால் நடுவருஷத்தில் எந்தப் பள்ளியிலும் சுலபத்தில் சேர்க்கமாட்டார்கள். லோகநாதனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வராந்தாவில் கங்கம்மா என்னை நிறுத்தினார்.

“நீதான் அந்தத் தமிழ் மிஸ்ஸா? நீ தான எழுதச் சொன்ன?”

“ஆமா.”

“அது எழுதுனது பொய்யா?”

“இல்லம்மா. அத்தனையும் உண்மை.”

“உண்மைன்னா அப்பால நான் இன்னாத்துக்கு யாவாரத்த வுட்டுட்டு இங்க வந்து நின்னுகினு கீறேன்? சொல்லு. எம்பொண்ணு வூட்ல இன்னா சொல்லுச்சு தெரியுமா? எங்க மிஸ்ஸு பெரிய பேப்பர்ல இருந்தவங்க, நா எழுதுனா நல்லாக்குதுன்னு சொன்னாங்கன்னு. நைனா படத்துக்குக் கீய அந்த நோட்டத்தான் வெச்சினு இருந்துச்சு.”

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

“சும்மா இரு. நா மீனு விக்கறவ. எந்த போட்டுக்காரன் எனக்குச் சல்லிசா குடுத்தான்னு இன்னொரு போட்டுக்காரன் கேட்டா வாயத் தொறக்க மாட்டேன். தொறந்தா நாளைக்கு அவன் பொயப்பு பேஜாராப் பூடும். படிக்காத எனக்கே தெரியுது. நீ இன்னாத்த படிச்ச?”

போய்விட்டார். வராந்தாவில் மூன்று ஆசிரியர்கள் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் தலை தூக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

கேவலமான நாள். வரிசையாக எழுதுகிறேன்.

கடிதத்தின் நகல் காலையில் என் மேஜையில் இருந்தது. டைப் செய்தது. ‘வகுப்பில் நடக்காதவற்றை நடந்ததாக நான் கற்பனையாக எழுதினேன்.’ கீழே கையெழுத்துக்குக் கோடு. எழிலிடம் அதை வாங்கும் வேலை எனக்கு. நான்தானே அவளுக்குப் பிடித்த மிஸ்.

உணவு இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஒரு கையெழுத்துதான், யாரும் படிக்கப்போவதில்லை, படிப்பு முக்கியம், வருஷம் வீணாகக்கூடாது... முப்பத்தொரு வருஷம் எத்தனை அதிகாரி என்னிடம் இதே வாக்கியங்களைச் சொல்லியிருப்பான். ஒவ்வொன்றும் அதே ராகத்தில் என் வாயில் வந்தது.

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

“நான் எழுதுனதுல எந்த வார்த்த தப்பு மிஸ்?”

அவள் காத்திருந்தாள். மூன்று விநாடிக்கு மேல் இருக்கும்.

“தப்பா இருந்தா காட்டுங்க மிஸ். போட்டுத் தரேன் கையெழுத்து.”

“எழில்...”

“அம்மாகிட்ட சொல்லிட்டேன். டிசி வாங்கிக்கறோம்.”

எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 29

திங்கள் காலை டிசி தயாராக இருக்கும் என்று ஆபீஸ் பெண் சொன்னாள். வானிலை சொல்வது போல.

செப்டம்பர் 1, திங்கள்

காலை எட்டே காலுக்கு ஆபீஸ் போனேன். நோட்டு எழுதச் சொன்னது நான், தண்டனை என்றால் எனக்கு என்று சொல்ல. வார்த்தைகளை ஷேர் ஆட்டோவிலேயே தயார் செய்துகொண்டு போனேன். நன்றாகவே அமைந்திருந்தன.

தேவைப்படவில்லை. உள்ளே சுகுமார் இருந்தார். மேஜையில் ஒரு தாள். அவருடைய கோணல் கையெழுத்து, மூன்று வரி. கதவருகே நின்றே படிக்க முடிந்தது. லோகநாதன்தான் தாளைத் தூக்கிப் பிடித்திருந்தாரே.

‘22.8.2025 அன்று ஒன்பதாம் வகுப்பு சி பிரிவில் மாணவி எழில் எழுதியது முழுவதும் சரி. அந்த வார்த்தைகளைச் சொன்னவன் நான். ஆறு பேர் பட்டியல் ஆபீசில் இருப்பது எனக்குக் காட்டப்பட்டது.’

“என்ன சார் இது? வேலை வேணாமா?” என்றார் லோகநாதன்.

“ஜெராக்ஸ் ஒண்ணு வெச்சிருக்கேன் சார். பொண்ணுக்கு டிசி குடுத்தீங்கன்னா அவங்கம்மாகிட்ட குடுத்துருவேன். அவ்ளோதான்.” மிரட்டும் குரல்கூட இல்லை. வருகைப் பதிவு எடுக்கிற அதே குரல்.

வெளியே வந்ததும் அவரை லேப் அறை வாசலில் பிடித்தேன். நன்றி என்றேன். அசட்டுத்தனம்.

“எதுக்கு மிஸ்? நான் சொன்னது. அத வேற யாரு சொன்னேன்னு ஒத்துக்க முடியும்?”

“அந்தப் பையன்கிட்ட அப்படிப் பேசியிருக்க வேணாம்.”

“வேணாந்தான். பயந்தா உக்காந்து படிப்பான்னு நெனச்சேன். பதினேழு வருஷமா எனக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான். நீங்க த்சுங்கறீங்க, நான் டிசிங்கறேன்.”

அவரும் நோட்டைப் படித்திருக்கிறார். அல்லது வகுப்பே சொல்லியிருக்கும்.

“நாலரைக்கு மேல டியூஷன்ல...” என்று இழுத்தேன்.

“டியூஷனா?” முதல்முறையாகச் சிரித்தார். “வருஷா வருஷம் பட்டியல்ல யாருன்னு கேட்டு வாங்கிக்குவேன். அந்தப் புள்ளைங்கள உக்கார வெச்சு ஏப்ரலுக்குள்ள முப்பத்தஞ்சு எடுக்க வெச்சா, பேர அடிச்சிருவாங்க. போன வருஷம் எட்டுல அஞ்சு பேர் தப்பிச்சாங்க. இதுக்குக் காசு யாரு குடுப்பா மிஸ்? கேஷவ் அப்பனா?”

ஜூலை 18 பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ‘கேட்டுப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.’ என் கையெழுத்துதான். ஒரு கேள்வி. பத்து அடி நடந்துபோய் ஒரே ஒரு கேள்வி. பயிற்சி நிருபர்கூடக் கேட்டிருப்பான்.

அந்த வெற்று இலையும் சோம்பலாக இருக்காது. அல்லது சோம்பலாகவே இருக்கலாம். இப்போதும் கேட்கவில்லை.

செப்டம்பர் 3

எழிலுக்கு டிசி இல்லை. வகுப்பில் இருக்கிறாள். மூன்றாவது வரிசை, ஜன்னல் பக்கம். நான் கேட்டால் எழுந்து நிற்கிறாள், பதில் சொல்வதில்லை. அடித்தால்கூட அவள்மேல் ஒரு தப்பு சொல்ல முடியாத நிற்றல்.

அக்டோபர் 17

சுகுமாருக்கு இன்று கடைசி நாள். காரணம் ‘நிர்வாகச் சீரமைப்பு’. தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். இந்தப் பள்ளியின் நாகரிகம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. என்னை அனுப்பவில்லை. நடுவருஷத்தில் தமிழுக்கு ஆள் கிடைக்காது, ஏப்ரலில் லோகநாதன் பார்த்துக்கொள்வார்.

போகும்முன் ஒரு தாளைக் கொடுத்தார். “நாலரைக்கு யாராச்சும் டீச்சர் இருந்தாத்தான் லேப் சாவி தருவாங்க. சும்மா உக்காருங்க மிஸ், போதும். கணக்கு நீங்க சொல்லித்தர வேணாம்.”

தாளில்:

கேஷவ்: பின்னத்தில் நிற்கிறான். மேலே இழுக்காதீர்கள். அப்பா பெயின்டர். ஒரு சுவரில் எவ்வளவு அடித்தாயிற்று, எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள். அதில் தப்பு செய்யமாட்டான்.

ரேஷ்மா: தெரியும். எழுந்து நின்றால் மறந்துவிடும். உட்கார்ந்தபடியே சொல்லட்டும்.

மற்ற நாலு பேர்: முதலில் சாப்பிட்டார்களா என்று கேட்கவும்.

சத்தம் வேண்டாம்.

கடைசி வரி யாருக்கும் பெயர் போட்டதல்ல. எனக்குத்தான்.

முப்பத்தெட்டு இலை ஒட்டிய அந்த மரம் இன்னும் ஸ்டாஃப் ரூம் சுவரில் இருக்கிறது. அதில் உள்ள மொத்தமும் இந்தத் தாளில் ஒரு வரி பெறாது.

அக்டோபர் 27

நாலரைக்கு லேப் அறையைத் திறந்து உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. ஐந்தரைக்குப் பூட்டினேன்.

அக்டோபர் 28

யாரும் வரவில்லை.

அக்டோபர் 31

ரேஷ்மா எட்டிப் பார்த்தாள். “சார் போன் பண்ணாரு. போய் உக்காருங்கன்னாரு” என்றாள், எனக்காக வரவில்லை என்பது தெளிவாகத் தெரியும்படி. ஆறு பேரும் வந்தார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள் நாலு பேர். இதை நான் ஐந்து மாதம் கேட்கவில்லை. நாளையிலிருந்து பிஸ்கட் வாங்கவேண்டும்.

நவம்பர் 19

கேஷவிடம் சுவர் கணக்குக் கேட்டேன். எட்டில் மூன்று பங்கு அடித்தால் பாக்கி எவ்வளவு. “அஞ்சு மிஸ். ஆனா மொத கோட்டிங்கா ரெண்டாவது கோட்டிங்கா?” என்று திருப்பிக் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. த்சு வாய் வரை வந்து நின்றது. முழுங்கினேன். வாய்ப்பாடே எனக்குப் பதினாறோடு முடிந்துவிடும். பகுதி வேறாக இருக்கும் இரண்டு பின்னத்தைக் கூட்ட நேற்று மோகன்ராஜிடம் பாடம் கேட்டேன். அவரும் ‘ஓ’ போடாமல் சொல்லிக்கொடுத்தார்.

டிசம்பர் 4

மழை விடுமுறை முடிந்து பள்ளி. அறையில் ஏழு பேர். ஏழாவது எழில். பட்டியலில் இல்லாதவள், கணக்கில் எண்பதுக்கு மேல் எடுப்பவள். என்னைப் பார்க்காமல் நேராகப் போய் கேஷவ் பக்கத்தில் உட்கார்ந்து அவன் நோட்டை இழுத்தாள். “இன்னாடா இது, மேலயும் கீயயும் தனித்தனியா கூட்டி வெச்சினு கீற? பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் சேத்துக் கூட்டுவியா நீ?”

“நீ போ. உன்ன யாரு கூப்ட்டா?”

“எவனும் கூப்டல. தள்ளி உக்காரு.”

நான் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன். அவள் எடுக்கவில்லை. அவளைத் தவிர ஆறு பேரும் எடுத்தார்கள்.

ஜனவரி 7, 2026

லோகநாதன் கூப்பிட்டார். லேப் அறையில் மின்சாரம் வீணாகிறதாம். ஐந்தரை வரை எரியும் இரண்டு டியூப்லைட்டுக்கு நான் பொறுப்பாம். சரி என்றேன். முன்பு என்றால் நாலு வாக்கியத்தில் அவரை உரித்திருப்பேன். ஆனால் சாவி அவரிடம் இருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

அரையாண்டு விடைத்தாள்கள் வந்தன. கணக்கில் கேஷவ் 38. ரேஷ்மா 51. இன்னும் மூன்று பேர் முப்பத்தைந்தைத் தாண்டினார்கள். ஒருவன் 29. ஏப்ரலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மதியம் சுகுமாருக்குப் போன் செய்து மதிப்பெண்களை வாசித்தேன். 29 யார் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “அவனுக்குத் தமிழ்லயே கேள்வி புரியாது மிஸ். அது உங்க வேலை” என்று வைத்துவிட்டார்.

நாலரை மணி. எழில் போர்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த 29 பையனைப் பக்கத்தில் இருத்தி, கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுக்குப் புரிய ஆரம்பித்த நேரம். போர்டிலிருந்து ஒரு குரல்.

“மிஸ், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது.”

ஆகஸ்ட் 28க்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போனேன்.